ரயில் பெட்டிகளைப் பிணைக்கும் கப்ளிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ரயில் எத்தனை ஆயிரம் டன் ஏற்றிப் போனாலும், அந்த இழுவை முழுவதும் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள ஓர் இரும்புப் பிடியின் வழியாகத்தான் போகிறது. அந்தப் பிடிதான் கப்ளிங். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் நடந்தவை பற்றியது. ஓர் இரும்புத் துண்டின் வடிவம் எத்தனை பேருடைய கையையும் உயிரையும் தீர்மானித்தது என்பது அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதற்கப்புறம் ஜப்பான், ஐரோப்பா, இந்தியா பற்றியும் சில கேள்விகள் உண்டு.

கப்ளிங்கின் வேலை இழுப்பது மட்டும்தானா?

இல்லை. இழுக்கும்போது அறுந்துவிடக் கூடாது. பிரேக் போட்டதும் பின்னால் உள்ள பெட்டிகள் முட்டித் தள்ளுகிற விசையையும் சமாளிக்க வேண்டும். வளைவில் பெட்டிகள் கோணலாகத் திரும்ப இடம் கொடுக்க வேண்டும். சுமை ஏற்றிய வேகன் ஸ்பிரிங் அமுங்கித் தாழ்ந்து நிற்கும், காலி வேகன் சற்று உயர்ந்து நிற்கும். இரண்டையும் கோக்க முடிய வேண்டும். ஓடும்போது கழலவே கூடாது, யார்டில் கேட்டதும் கழன்றுவிட வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவைகளும்தான் இதை வடிவமைப்பவர்களைப் பாடாய்ப் படுத்தியவை.

ஆரம்ப காலத்தில் பெட்டிகளை எப்படி இணைத்தார்கள்?

வெறும் சங்கிலியால். சங்கிலி தளர்ந்து தொங்கும், ரயில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும். இங்கிலாந்தில் லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில்வேயின் ஹென்றி பூத் 1830களில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். நடுவில் திருகு உள்ள கப்ளிங் அது. திருகின் ஒரு பாதியில் வலப்புரி மரை, மறு பாதியில் இடப்புரி மரை. கைப்பிடியைச் சுற்றினால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகும். பெட்டியின் இரு ஓரங்களிலும் உள்ள பஃபர்கள் ஒன்றோடொன்று அழுந்தி நிற்க, நடுவில் திருகு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இழுப்பது ஒரு கருவி, முட்டலைத் தாங்குவது இன்னொரு கருவி என்று வேலை பிரிந்தது. பயணிகளுக்கு இது நல்ல ஏற்பாடு, குலுக்கல் குறைவு. ஆனால் திருகை மாட்டி இறுக்க ஓர் ஆள் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே குனிந்து போய் நிற்க வேண்டும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே பெட்டியின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழிவான இரும்புத் தலைக்குள் நீள்வட்ட வளையம் ஒன்றை நுழைத்து, மேலிருந்து ஓர் ஊசியை இறக்கிவிடுவார்கள். வளையமும் ஊசியும், அவ்வளவுதான். லிங்க் அண்ட் பின் என்று அதற்குப் பெயர்.

லிங்க் அண்ட் பின் முறை ஏன் அவ்வளவு ஆபத்தாக இருந்தது?

வேலை எப்படி நடந்தது என்று பார்த்தாலே புரியும். ஒரு வேகன் நின்றுகொண்டிருக்கும். இன்னொன்று அதை நோக்கி உருண்டு வரும். பிரேக்மேன் இரண்டுக்கும் இடையில் நின்று, தொங்கும் வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிரில் வரும் தலையின் குழிக்குள் சரியாக நுழைய வைக்க வேண்டும். நுழைந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும், மறு கையால் ஊசியை இறக்க வேண்டும். கை எடுக்க அரை நொடி தாமதித்தால் விரல்கள் இரண்டு இரும்புத் தலைகளுக்கு நடுவில். கால் இடறினால் உடலே போய்விடும். இதை மழையிலும் பனியிலும், ராத்திரியில் ஒரு கை விளக்கின் வெளிச்சத்திலும் செய்தார்கள்.

போதாததற்கு ஒவ்வொரு கம்பெனியின் தலையும் ஒவ்வோர் உயரத்தில் இருந்தது. வளையத்தின் நீளமும் ஊசியின் தடிமனும் மாறும். பொருந்தாத இரண்டைப் பொருத்தும் வேலை கடைசியில் பிரேக்மேனின் கைக்குத்தான் வந்து சேர்ந்தது. விரல் இல்லாத கையைப் பார்த்தே ஒருவன் அனுபவப்பட்ட பிரேக்மேன் என்று சொல்லிவிடலாம் என்பது அந்தக் காலத்து வழக்கு.

1880களின் முடிவில் அமெரிக்க ரயில்வேக்களில் ஆண்டுக்குச் சுமார் 2,000 தொழிலாளர்கள் இறந்தார்கள், சுமார் 20,000 பேர் காயப்பட்டார்கள். கப்ளிங் மாட்டுவதும், ஓடும் பெட்டிகளின் கூரை மேல் ஏறிக் கை பிரேக் சுற்றுவதும் அதற்குப் பெரிய காரணங்கள். ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் 1889 டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய உரையில், போர்க்களத்துப் படைவீரனுக்கு நேரும் அளவு ஆபத்து பிழைப்புக்காக உழைக்கும் ஒரு தொழிலாளிக்கு நேர்வது நம் நாகரிகத்துக்கே இழுக்கு என்ற பொருளில் எழுதினார். அதில் மிகையே இல்லை.

ஜானி கப்ளர் என்பது என்ன? ஜானி யார்?

எலை ஹாமில்டன் ஜானி, வர்ஜீனியா மாநிலத்துக்காரர், 1831-ல் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையில் மேஜராக இருந்தவர். போர் முடிந்து அலெக்சாண்ட்ரியா நகரில் ஒரு துணிக்கடையில் எழுத்தராக வேலை பார்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்ல, பொறியியல் படித்தவரும் அல்ல. ஓய்வு நேரத்தில் பேனாக்கத்தியால் மரத்தைச் செதுக்கி மாதிரிகள் செய்து பார்த்தார். 1868-ல் ஒரு காப்புரிமை வாங்கினார், அது பெரிதாக எடுபடவில்லை. 1873 ஏப்ரல் 29 அன்று கிடைத்த இரண்டாவது காப்புரிமைதான் இன்றைய அமெரிக்கக் கப்ளர்களுக்கெல்லாம் மூலம். முதலில் இதை எடுத்துக்கொண்ட பெரிய கம்பெனி பென்சில்வேனியா ரயில்ரோடு. அதுவும் பயணிகள் வண்டிகளில்தான். பிட்ஸ்பர்கின் மெக்கான்வே அண்ட் டார்லி வார்ப்பாலை இதைத் தயாரித்தது.

அது எப்படி வேலை செய்கிறது?

இரண்டு கை விரல்களையும் கொக்கி போல மடக்கி ஒன்றில் ஒன்றை மாட்டிப் பாருங்கள். எதிரெதிராக இழுத்தால் பிடி விடாது. ஜானியின் வடிவம் அதுவேதான்.

பெட்டியின் முனையில் ஒரு வார்ப்பு எஃகுத் தலை. அதன் ஒரு பக்கத்தில் நக்கிள் எனப்படும் வளைந்த துண்டு, செங்குத்தான ஓர் ஊசியில் கதவுபோல் திறந்து மூடும்படி பொருத்தப்பட்டிருக்கும். நக்கிள் திறந்திருக்கும்போது எதிர்ப் பெட்டியின் நக்கிள் உள்ளே வந்து மோதும். மோதிய வேகத்தில் இது சுழன்று மூடிக்கொள்ளும். மூடியதும், தலைக்குள் மேலே காத்திருக்கும் ஒரு பூட்டுக் கட்டை தன் எடையாலேயே கீழே விழுந்து, நக்கிளின் வால் பகுதி திரும்பவும் சுழல முடியாதபடி தடுத்துவிடும். ஸ்பிரிங் ஏதும் வேண்டாம், பூமியின் ஈர்ப்பே போதும். கழற்ற வேண்டும் என்றால் பெட்டியின் ஓரத்தில் உள்ள நெம்புகோலைத் தூக்கினால் பூட்டுக் கட்டை மேலே எழும், நக்கிள் விடுபடும். ஆள் பெட்டிகளுக்கு நடுவே போகவே வேண்டாம். இணைவதற்கு இரண்டு நக்கிள்களில் ஒன்றாவது திறந்திருந்தால் போதும்.

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஏறி வந்து மோதும் இயக்கத்தையே, அதாவது முன்பு விரல்களை நசுக்கிய அதே இயக்கத்தையே, பூட்டைப் போடும் சக்தியாக ஜானி மாற்றிவிட்டார்.

1873-லேயே தீர்வு கிடைத்துவிட்டது. பிறகு ஏன் 1900 வரை ஆனது?

நல்ல கருவி ஒன்று இருப்பதும் எல்லாரிடமும் அதே கருவி இருப்பதும் வேறு வேறு விஷயங்கள். ஒரு கம்பெனியின் வேகன் நாடெங்கும் பல கம்பெனிகளின் தடங்களில் ஓடும். நான் மட்டும் என் வேகன்களை மாற்றினால் அவை பிறருடைய பழைய வேகன்களோடு சேராது. எல்லாரும் மாற்றட்டும், அப்புறம் மாற்றுகிறேன் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். செலவும் பெரிது. இன்னொரு பக்கம் கப்ளருக்கான காப்புரிமைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று சேராதவை.

முடிச்சை அவிழ்க்க மூன்று காரியங்கள் நடந்தன. பெட்டி கட்டுவோர் சங்கமான மாஸ்டர் கார் பில்டர்ஸ் அசோசியேஷன் 1885-ல் பஃபலோ நகரில் பல வகைக் கப்ளர்களைச் சோதித்துப் பார்த்து, சில ஆண்டுகளில் ஜானி வகையைத் தன் தரநிலையாக ஏற்றது. ஏற்பதற்கு ஒரு தடை இருந்தது: காப்புரிமை உள்ள ஒரு வடிவத்தை எல்லாரும் செய்ய வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஜானி தன் நக்கிளின் வெளிக்கோட்டு வடிவத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தார். உள்ளே பூட்டை யார் எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம், வெளியே முகம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும் என்று ஆனது. ஜானியின் பெயர் நிலைக்க அவருடைய கண்டுபிடிப்பு எவ்வளவு காரணமோ, இந்த விட்டுக்கொடுத்தலும் அவ்வளவு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது லொரென்சோ காஃபின் என்ற அயோவா விவசாயியின் விடாப்பிடி. 1874-ல் ஒரு பிரேக்மேன் கப்ளிங் மாட்டும்போது விரல்களை இழப்பதை அவர் நேரில் கண்டார். அதன் பிறகு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார், பத்திரிகைகளுக்கு எழுதினார், 1880களில் அயோவா மாநில ரயில்வே ஆணையர் ஆனார், கம்பெனிகளின் கூட்டங்களுக்கே போய் வாதாடினார்.

கடைசியில் சட்டம். 1893 மார்ச் 2 அன்று ஹாரிசன் கையெழுத்திட்ட ரயில் பாதுகாப்புக் கருவிச் சட்டம் இரண்டு நிபந்தனைகளை வைத்தது: மாநிலங்களுக்கிடையே ஓடும் வண்டிகளின் கப்ளர் மோதலால் தானாக இணைய வேண்டும், கழற்ற ஆள் பெட்டிகளுக்கு நடுவே போகத் தேவைப்படக் கூடாது. கம்பெனிகளுக்கு 1898 ஜனவரி 1 வரை அவகாசம். பிறகு அது 1900 ஆகஸ்ட் 1 வரை நீட்டிக்கப்பட்டது. சட்டத்தில் இன்னொரு முக்கியமான வரியும் உண்டு. விதியை மீறிய பெட்டியால் காயப்பட்ட தொழிலாளியைப் பார்த்து, "ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்" என்று கம்பெனி கைகழுவ முடியாது.

சட்டம் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

இல்லை. அவகாசம் முடிந்து ஐந்தாம் நாளே, 1900 ஆகஸ்ட் 5 அன்று, யூட்டா மாநிலத்தின் புரோமன்டரியில் ஜான்சன் என்ற பிரேக்மேனின் கை நசுங்கியது. சதர்ன் பசிபிக் கம்பெனியின் எஞ்சின் ஒன்றை ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு இணைக்கச் சொன்னார்கள். எஞ்சினில் இருந்தது ஜானி கப்ளர். பெட்டியில் இருந்தது எஸ்ரா மில்லர் என்பவரின் கொக்கி, அது வேறொரு வகைக் கப்ளர். இரண்டுமே தானியங்கிதான். ஆனால் ஒன்றோடொன்று தானாகச் சேராது. வேறு வழியில்லாமல் ஜான்சன் பழைய வளையத்தையும் ஊசியையும் வைத்து மாட்ட முயன்றார். மூன்றாம் முயற்சியில் கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கீழ் நீதிமன்றங்கள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. எஞ்சின் 'பெட்டி' ஆகாது, தவிர இரண்டிலும் தானியங்கிக் கப்ளர் இருந்ததால் சட்டம் நிறைவேறிவிட்டது என்பது அவற்றின் வாதம். 1904-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. எஞ்சினும் சட்டத்துக்குள் அடங்கும். தனித்தனியாகத் தானியங்கியாக இருந்தால் போதாது, ஒன்றோடொன்று தானாக இணைய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கப்ளர் என்பது ஒரு பெட்டியின் உறுப்பு அல்ல, இரண்டு பெட்டிகளுக்கு இடையே உள்ள ஓர் உடன்பாடு என்பதை எந்தப் பொறியியல் புத்தகத்தையும்விட இந்த வழக்கு தெளிவாகச் சொல்லிவிட்டது.

தானியங்கி என்றால் எல்லாமே தானாக நடந்துவிடுமா?

நடக்காது. நக்கிள் கப்ளர் இரும்பை மட்டும் இணைக்கும். பிரேக்குக்கான காற்றுக் குழாயை இன்றும் பெரும்பாலான சரக்கு ரயில்களில் ஆள் போய்த்தான் கையால் மாட்டுகிறார். வண்டி அசையாமல் நின்ற பிறகு மாட்டுவதால் ஆபத்து பல மடங்கு குறைவு.

காற்று, மின்சாரம் எல்லாவற்றையும் ஒரே முட்டில் இணைக்கும் வகைகள் உண்டு. ஜெர்மானியரான கார்ல் ஷார்ஃபன்பர்க் 1900களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற கப்ளர் அவற்றில் புகழ்பெற்றது. மெட்ரோ வண்டிகளிலும் அதிவேக ரயில்களிலும் அதன் வாரிசுகளைப் பார்க்கலாம்.

ரயில் கிளம்பும்போது தடதடவென்று ஒரு சத்தம் பெட்டி பெட்டியாக ஓடுகிறதே, அது என்ன?

நக்கிள்களுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி உண்டு. கப்ளருக்குப் பின்னால், அதிர்ச்சி தாங்க ஸ்பிரிங்கோ ரப்பரோ உராய்வுத் தகடுகளோ கொண்ட டிராஃப்ட் கியர் என்ற அமைப்பும் சற்று நீளும், அமுங்கும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்லாக் எனப்படும் தளர்ச்சி. எஞ்சின் நகரும்போது முதல் பெட்டியின் தளர்ச்சி இறுகும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. அந்தச் சத்தம்தான் உங்கள் காதில் விழுகிறது.

சரக்கு ரயிலுக்கு இது உதவியும்கூட. நின்ற நிலையிலிருந்து எல்லா வேகன்களையும் ஒரே நொடியில் அசைப்பதைவிட ஒவ்வொன்றாக அசைப்பது எஞ்சினுக்கு எளிது. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ரயிலில் தளர்ச்சி தாறுமாறாக ஓடினால் பின்பகுதி சவுக்கடிபோல் இழுபடும். அப்போதுதான் நக்கிள் உடைகிறது.

நக்கிள் உடைவது வடிவமைப்பில் உள்ள குறையா?

பழுதுள்ள வார்ப்பால் உடைந்தால் குறைதான். ஆனால் அளவுக்கு மீறிய விசை வந்தால் முதலில் உடைய வேண்டியது நக்கிள் என்றே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். நக்கிளின் ஊசியைக் கழற்றி, 35 கிலோ அளவுள்ள புது நக்கிளை மாட்டினால் ரயில் மறுபடி கிளம்பிவிடும். அமெரிக்காவில் நக்கிள் உடைந்தால் நடு வழியிலேயே ரயில் ஊழியர்கள் இதைச் செய்துவிடுவார்கள். நக்கிள் தாங்கி நின்று, பின்னால் உள்ள தண்டோ பெட்டியின் சட்டமோ பிய்ந்து வந்தால் அந்த வேகனை நகர்த்தவே முடியாது.

ஜப்பான் ஒரே நாளில் கப்ளரை மாற்றியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவில் ஆங்கிலேய முறைத் திருகுக் கப்ளிங்கும் பஃபரும் இருந்தன. ஹொக்கைடோவில் மட்டும் அமெரிக்கப் பொறியாளர்களின் கைவண்ணத்தால் தொடக்கத்திலிருந்தே நக்கிள் வகை. ஹொன்ஷுவை மாற்றுவதில் அதே பழைய சிக்கல்: பாதி மாற்றினால் பாதி சேராது. அதனால் பல ஆண்டுகள் திட்டமிட்டு, புதிய கப்ளர்களை முன்கூட்டியே வேகன்களின் அடியில் தொங்கவிட்டு ஊர் ஊராக ஓட விட்டார்கள். 1925 ஜூலை 17 அன்று சரக்கு ரயில்களை நிறுத்தி, வேகன் எங்கே நிற்கிறதோ அங்கேயே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். ரயில்வே வரலாற்றில் இத்தனை நேர்த்தியாக நடந்த ஒரு மாற்றம் வேறு எனக்குத் தெரியாது.

ஐரோப்பா ஏன் இன்னும் திருகுக் கப்ளிங்கிலேயே இருக்கிறது?

பல நாடுகள், எல்லைகளைத் தாண்டி ஓடும் லட்சக்கணக்கான வேகன்கள். ஒருவர் மாறி ஒருவர் மாறாமல் இருக்க முடியாது. 1960, 70களில் மேற்கும் கிழக்கும் சேர்ந்து ஒரு பொதுவான தானியங்கிக் கப்ளரை உருவாக்கின, கடைசியில் செலவுக்குப் பயந்து கைவிட்டன. சோவியத் யூனியனில் எல்லாம் ஒரே நிர்வாகம். வில்லிசன் என்ற தானியங்கிக் கப்ளர் வடிவத்தை ஒட்டிய எஸ்ஏ-3 கப்ளருக்கு 1930களில் மாறத் தொடங்கி, இடையில் ஓர் உலகப் போரையும் கடந்து 1957-ல் முடித்துவிட்டார்கள்.

திருகுக் கப்ளிங்கின் வலிமை சுமார் 85 டன்தான். அதனால் ஐரோப்பிய சரக்கு ரயில்களின் எடைக்கே ஓர் உச்சவரம்பு உண்டாகிவிடுகிறது. இப்போது காற்று, மின்சாரம், தகவல் கம்பி எல்லாம் சேர்த்து இணைக்கும் டிஜிட்டல் தானியங்கிக் கப்ளர் என்ற திட்டம் நடக்கிறது. 2021-ல் அதற்கு ஷார்ஃபன்பர்க் வகைத் தலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் ஊர் ரயில்களில் எது இருக்கிறது?

இரண்டும். சென்னைப் பெரம்பூர் ஐசிஎஃப் ஆலையில் 2018 ஜனவரி வரை தயாரான பழைய வகைப் பெட்டிகளில் திருகுக் கப்ளிங்கும் இரு ஓர பஃபர்களும். அவற்றுக்கு நடுவே குனிந்து திருகை இறுக்கும் பாயின்ட்ஸ்மேனைப் பல ஜங்ஷன்களில் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன் வடிவமான எல்ஹெச்பி பெட்டிகளிலும் இன்றைய சரக்கு வேகன்களிலும் இருப்பது சென்டர் பஃபர் கப்ளர், ஜானியின் நேர் வாரிசு. இரண்டையும் இழுக்க வேண்டியிருப்பதால் பல எஞ்சின்களில் நக்கிளும் இருக்கும், ஓர பஃபர்களும் இருக்கும், நக்கிளோடு மாட்ட ஒரு திருகும் இருக்கும்.

எல்ஹெச்பி பெட்டிகள் விபத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது என்பதற்கும் கப்ளருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சரக்கு வேகனின் சாதாரண நக்கிள்கள் மேலும் கீழும் நழுவ முடியும். எல்ஹெச்பியில் உள்ள டைட்லாக் வகையில் இரண்டு தலைகளும் பக்கவாட்டிலும் செங்குத்தாகவும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். தடம் புரண்டாலும் பெட்டிகள் பிரிந்து, ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உள்ளே குத்தும் வாய்ப்பு இதனால் வெகுவாகக் குறைகிறது. பெட்டியின் உடற்கட்டும் இதற்குக் காரணம், ஆனால் கப்ளரின் பங்கு பெரியது. அமெரிக்காவில் தடம்புரளும் டேங்கர்களின் கப்ளர் நழுவி எழும்பி அடுத்த டேங்கரின் முகப்பைக் குத்திக் கிழித்த விபத்துகளுக்குப் பிறகு, 1970களில் ஆபத்தான பொருள் ஏற்றும் டேங்கர்களுக்கு மேலும் கீழும் தட்டு வைத்த கப்ளர் கட்டாயமாக்கப்பட்டது.

ஓடும் ரயிலில் கப்ளிங் உடைந்தால் பின்பகுதி என்ன ஆகும்?

தானாக நிற்கும். பெட்டிகள் பிரிந்ததும் காற்றுக் குழாயும் பிரியும், காற்றழுத்தம் இறங்கும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களில் கொண்டுவந்த தானியங்கி பிரேக்கில், அழுத்தம் இருந்தால் பிரேக் விடும், இல்லாவிட்டால் பிடிக்கும். அதனால் இரண்டு பாதிகளிலும் பிரேக் பிடித்துவிடும். செய்திகளில் "கப்ளிங் உடைந்து பெட்டிகள் தனியே நின்றன, யாருக்கும் காயம் இல்லை" என்று படிக்கிறோமே, அதற்கு இதுதான் காரணம். 1893 சட்டமும் கப்ளரையும் காற்று பிரேக்கையும் சேர்த்தே கட்டாயமாக்கியது.